கோச்சும் அவரே, டைரக்டரும் அவரே: ஜெஃப் மல்லின்ஸை இறக்கிவிட்டார்களா?

ஜெஃப் மல்லின்ஸ் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். 1975-இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியோடு, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் கோப்பையை வென்ற ஆட்டக்காரர் அவர். 1985-இல் வட கரோலினாவில் யுஎன்சி ஷார்லட் பல்கலைக்கழகத்துக்குக் கூடைப்பந்து கோச்சாகவும் அத்லெடிக் டைரக்டராகவும் ஒரே நேரத்தில் வந்தார். 1990-இல் டைரக்டர் பதவி வேறொருவருக்குப் போனது, இவர் 1996 வரை கோச்சாக மட்டும் இருந்தார். "டைரக்டர்தானே பெரிய பதவி, அப்படியென்றால் ஐந்தே வருஷத்தில் இறக்கிவிட்டார்களா? இதெல்லாம் பழைய நட்சத்திரத்துக்குப் போர்த்துகிற சால்வையா, இல்லை உண்மையிலேயே வேலை இருக்கிறதா?" என்பது கேள்வி.

கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று மல்லின்ஸ் என்ற தனி மனிதரைப் பற்றியது. இன்னொன்று, நன்றாக ஆடியவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் வரும், சொல்லிக்கொடுக்க வந்தவருக்கு நிர்வாகமும் வரும் என்று நாம் எல்லோரும் வைத்திருக்கிற நம்பிக்கையைப் பற்றியது. எனக்கு இரண்டாவதில்தான் அக்கறை அதிகம். அமெரிக்காவில் ஒரு நடுத்தரப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில் 14 வருஷம் வேலை பார்த்தேன். என் பிரிவுக்குக் கம்ப்ளையன்ஸ் என்று பெயர். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிகளின்படிதான் எல்லாம் நடக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. தொழில்முறை ஆட்டக்காரர்களாக இருந்து கோச்சாக வந்த இரண்டு பேரை அங்கே பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். லட்சம் பேர் உட்காரும் அமெரிக்கன் ஃபுட்பால் மைதானம் வைத்திருக்கிற பெரிய பல்கலைக்கழகங்களில் நான் வேலை பார்த்ததில்லை. நான் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பதவியின் பெயர். அத்லெடிக் டைரக்டர் என்பதைச் சிலர் 'தடகள இயக்குநர்' என்று எழுதுகிறார்கள். ஓட்டப்பந்தயத்துக்கும் இதற்கும் தனியாக ஒரு தொடர்பும் இல்லை. பல்கலைக்கழகத்தின் எல்லா விளையாட்டுக்கும் தலைமை அதிகாரி அவர். நம் ஊர்க் கல்லூரியில் பிசிகல் டைரக்டர் மைதானத்தில் விசிலோடு நிற்பார், மாணவர்களைப் போட்டிக்குக் கூட்டிப்போவார், பந்து வாங்குகிற பில்லிலும் கையெழுத்துப் போடுவார். இவர் அப்படியல்ல. கல்லூரி விளையாட்டின் உச்ச மட்டமான முதல் டிவிஷனில் இருக்க வேண்டுமானால் ஒரு பல்கலைக்கழகம் குறைந்தது 14 விளையாட்டுகளுக்கு அணி வைத்திருக்க வேண்டும். அத்தனைக்கும் கோச்சுகளை எடுப்பது, நீக்குவது, ஒப்பந்தம் போடுவது, பட்ஜெட், கட்டடம், நன்கொடை, எந்த கான்ஃபரன்ஸில் (தங்களுக்குள் ஆடும் பல்கலைக்கழகங்களின் குழு) சேர்வது என்ற பேச்சுவார்த்தை எல்லாம் இவர் மேஜையில். 1972-இல் வந்த டைட்டில் நைன் சட்டம் பெண்களுக்கும் சமவாய்ப்பு கொடுக்கச் சொல்கிறது. அது நடக்கவில்லையென்றால் வழக்குக்குப் பதில் சொல்வதும் இவர்தான். நாளில் பாதி பணம் கேட்பதிலும் பாதி 'இல்லை' சொல்வதிலும் போய்விடும்.

இந்த இடத்தில்தான் மல்லின்ஸின் இரட்டைப் பதவியை வைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் அது விசித்திரமே இல்லை. அலபாமாவில் பேர் பிரையன்ட் கால் நூற்றாண்டு காலம் ஃபுட்பால் கோச்சாகவும் அத்லெடிக் டைரக்டராகவும் இருந்தார். சின்னக் கல்லூரிகளில் இன்றைக்கும் இரண்டு வேலையையும் ஒருவரே பார்ப்பதுண்டு. ஆனால் நடைமுறையில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கூடைப்பந்து கோச் வெளியூர் ஆட்டத்துக்குத் தனி விமானம் கேட்கிறார். அதே வாரம் பெண்கள் சாஃப்ட்பால் கோச் மைதானத்துக்கு விளக்கு கேட்கிறார். இருப்பதோ ஒன்றுக்குத்தான் பணம். முடிவெடுக்கிறவரே கூடைப்பந்து கோச்சாகவும் இருந்தால், அவர் எவ்வளவு நியாயமானவராக இருந்தாலும் சாஃப்ட்பால் கோச்சுக்கு ராத்திரி தூக்கம் வராது. அதைவிட முக்கியமாக, அந்தக் கூடைப்பந்து கோச்சிடம் 'வேண்டாம்' என்று சொல்ல அந்தக் கட்டடத்தில் ஆளே இருக்காது. நல்ல கோச்சுக்கும் அப்படி ஓர் ஆள் தேவை. இதை நான் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன்.

இனி மல்லின்ஸ். கென்டக்கியில் லெக்சிங்டன் நகரில் வளர்ந்து, டியூக் பல்கலைக்கழகத்தில் கோச் விக் புபாஸிடம் ஆடியவர். 1964-இல் டியூக் தேசிய இறுதிப்போட்டி வரை போய் யுசிஎல்ஏவிடம் தோற்றது. யுசிஎல்ஏ கோச் ஜான் வுடனின் முதல் பட்டம் அதுதான். அதே வருஷம் டோக்கியோ ஒலிம்பிக்கில் மல்லின்ஸ் தங்கம் வென்றார். என்பிஏவில் முதலில் செயின்ட் லூயிஸ் ஹாக்ஸ், 1966 முதல் 1976 வரை வாரியர்ஸ், மூன்று தடவை ஆல்ஸ்டார், அதாவது அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடும் ஆட்டத்துக்குத் தேர்வானவர். 1975 இறுதிச்சுற்றில் வாஷிங்டன் புல்லட்ஸ் அணியை 4-0 என்று வீழ்த்திய வாரியர்ஸில் அவர் மூத்த ஆட்டக்காரர். ஷார்லட்டில் 11 சீசன்களில் அவர் அணி 182 ஆட்டங்களில் வென்றது, 142-இல் தோற்றது. 1988, 1992, 1995 என்று மூன்று தடவை தேசியப் போட்டிக்குப் போனது. முதலாவது இரட்டைப் பதவிக் காலத்தில், மற்ற இரண்டும் கோச்சாக மட்டும் இருந்தபோது. வெளியேறியபோது அவருடைய உதவி கோச் மெல்வின் வாட்கின்ஸ் அந்த இடத்துக்கு வந்தார். அடுத்த இரண்டு வருஷமும் அணி தேசியப் போட்டிக்குப் போனது. இறக்கிவிடப்பட்ட மனிதர் விட்டுப்போகிற வீடு இவ்வளவு ஒழுங்காக இருக்காது.

1990-இல் டைரக்டராக வந்தவர் ஜூடி ரோஸ். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் இவர்தான். 1975-இல் ஷார்லட்டுக்கு வந்து பெண்கள் கூடைப்பந்து அணியைத் தொடங்கிய முதல் கோச். பிறகு நிர்வாகத்துக்குள் போய் படிப்படியாக ஏறினார். முதல் டிவிஷனில் ஒரு பெண் முழு விளையாட்டுத் துறைக்கும் தலைமை ஏற்பது அப்போது மிக அபூர்வம், விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆண்கள் தேசியப் போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் உட்கார்ந்த முதல் பெண்ணும் இவரே. 2018-இல் ஓய்வு பெறும்வரை 28 வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார். 1996-இல் கூடைப்பந்து அரங்கான ஹால்டன் அரீனா திறந்ததும், 2013-இல் ஷார்லட் ஃபுட்பால் அணி முதல் ஆட்டம் ஆடியதும் இவர் காலத்தில். ஆக 1990 முதல் ஆறு வருஷம், மல்லின்ஸுக்குக் கீழே வேலை பார்த்தவரிடம் மல்லின்ஸ் வேலை பார்த்தார். அந்த ஆறு வருஷத்தில் இரண்டு தடவை தேசியப் போட்டிக்கும் போனார். ஒலிம்பிக் தங்கமும் என்பிஏ கோப்பையும் கையில் இருக்கிற ஒருவர் அப்படி வேலை பார்த்ததை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். இது பதவி இறக்கமா என்றால், இரண்டு வேலையைப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள் என்றுதான் சொல்வேன். தேதிகளும் எண்களும் பதிவில் இருப்பவை, பிரித்தது சரி என்பது என் கருத்து.

சரி, சால்வைக் கேள்விக்கு வருகிறேன். பெயர் கதவைத் திறக்கும், சந்தேகமே இல்லை. அணிக்குக் கூட்டிவர நினைக்கும் 17 வயதுப் பையனின் வீட்டு வாசலில் என்பிஏ ஆட்டக்காரர் வந்து நின்றால் அந்தத் தெருவே வந்து நிற்கும். நன்கொடையாளர் போனை எடுப்பார். ஆனால் உள்ளே வந்த பிறகு செய்ய வேண்டிய வேலையில் பெயர் உதவுகிற பங்கு சின்னது.

எங்கள் இடத்துக்கு வந்த ஒருவர் தொழில்முறையில் பல வருஷம் ஆடியவர். ஆட்டத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு தெரிந்த வேறொருவரை நான் சந்தித்ததில்லை. முதல் மாதம் பயிற்சி நேரத் தாளை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். சீசனில் ஒரு மாணவர் வாரத்துக்கு 20 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி செய்யக்கூடாது, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை கட்டாயம். அந்தக் கணக்கை எழுதும் தாள் அது. பென்சிலால் ஒரு வரியின் மேல் கோடு போட்டுக் கேட்டார்: "ராத்திரி பத்து மணிக்கு ஒரு பையன் தானாக வந்து ஷூட் பண்ணுகிறான். நான் கூட நின்று பந்து எடுத்துப் போட்டு, முழங்கையைச் சரிசெய்தால் இதில் வருமா?" வரும் என்றேன். அவன் தானாக வந்து தனியாக ஆடினால் வராது, நீங்கள் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த நிமிஷத்திலிருந்து வரும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவர் அந்த உயரத்துக்கு வந்ததே அப்படிப்பட்ட ராத்திரிகளில்தான். அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் கல்லூரிக்கு வந்திருந்தார். அவர் மேல் எனக்கு இருந்த மரியாதை அன்றைக்குக் கூடியது, ஏனென்றால் மறுநாளிலிருந்து அந்தத் தாளை ஒழுங்காக எழுதினார்.

அவருக்கு அடி விழுந்தது வேறு இடத்தில். மூன்றாம் வருஷம் தொடங்குமுன் மாணவர் தன் பட்டப்படிப்பில் 40 சதவீதமாவது முடித்திருக்க வேண்டும். நல்ல ஆட்டக்காரன் ஒருவன் இரண்டாம் வருஷக் கடைசியில் படிப்பை மாற்றிக்கொள்ள ஆசைப்பட்டான். கோச்சும் "உனக்குப் பிடித்ததைப் படி" என்று மனதாரச் சொல்லிவிட்டார். மாற்றியதும் முன்பு எடுத்த பாடங்களில் பாதி புதிய பட்டத்துக்குக் கணக்கில் வரவில்லை. 40 சதவீதம் இல்லை, அந்தப் பையன் பாதி சீசன் உட்கார்ந்திருந்தான். யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கோடை விடுமுறையில் இரண்டு பாடம் எடுக்க வைத்திருக்கலாம். நானும் முந்திக்கொண்டு போய்ச் சொல்லியிருக்க வேண்டும். என்பிஏவில் இப்படி ஒரு பிரச்சினையே கிடையாது, அதனால் அவருக்கு இது மனதில் உறைக்கவில்லை.

கல்லூரி கோச்சின் வேலையில் பெரும் பங்கு இதுதான். ஏபிஆர் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்காலர்ஷிப் வாங்கும் ஒவ்வொரு மாணவருக்கும் ஒவ்வொரு பருவத்திலும் இரண்டு புள்ளி: படிப்பில் தகுதியோடு இருந்தால் ஒன்று, கல்லூரியை விட்டுப் போகாமல் இருந்தால் ஒன்று. கூட்டி ஆயிரத்துக்குக் கணக்கிடும்போது நான்கு வருஷச் சராசரி 930-க்குக் கீழே போனால் அணியைத் தேசியப் போட்டியில் சேர்க்கமாட்டார்கள். கெவின் ஓலி 13 சீசன் என்பிஏவில் ஆடியவர், 2012-இல் தான் படித்த கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்குத் தலைமை கோச் ஆனார். அவர் வருவதற்கு முந்தைய வருஷங்களின் ஏபிஆர் குறைவால் 2013 தேசியப் போட்டிக்கு அணி போக முடியவில்லை. மறு வருஷமே, ஏழாம் தரவரிசையில் நுழைந்து, கென்டக்கியை 60-54 என்று வென்று சாம்பியன். 2018-இல் விதிமீறல் காரணம் காட்டி நீக்கினார்கள். 2019-இல் என்சிஏஏவும் தண்டனை விதித்தது. ஆனால் ஒப்பந்தத்தின்படி நீக்கியது முறையில்லை என்று 2022-இல் நடுவர் தீர்ப்பளித்து, 1 கோடியே 10 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னார். கோச்சின் ஒப்பந்தத்தில் ஒரு வரியை எப்படி எழுதுகிறோம் என்பது டைரக்டரின் தலையெழுத்தை மாற்றும் என்று நான் சொல்வது இதனால்தான்.

படிப்பு விஷயத்தில் இரண்டு எதிரெதிர் ஆட்கள் நினைவுக்கு வருகிறார்கள், இருவருமே என்பிஏவில் ஆடியவர்கள். கிளெம் ஹாஸ்கின்ஸ் கோச்சாக இருந்து மினசோட்டா பல்கலைக்கழகத்தை 1997-இல் கடைசி நான்கு அணிகளுக்குள் கொண்டுபோனார். 1999 மார்ச்சில், தேசியப் போட்டி தொடங்குவதற்கு முதல் நாள், அங்கே படிப்புதவி அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவர் ஆட்டக்காரர்களுக்காக நூற்றுக்கணக்கான பாடக்கட்டுரைகளை எழுதிக்கொடுத்திருந்தார் என்று செயின்ட் பால் பத்திரிகை வெளியிட்டது. கோச் போனார், டைரக்டரும் அவருக்கு மேலிருந்த துணைத்தலைவரும் பதவி இழந்தார்கள், 1997-இன் சாதனை பதிவிலிருந்து அழிக்கப்பட்டது.

இன்னொருவர் ஜான் தாம்ப்சன். என்பிஏவின் பாஸ்டன் செல்டிக்ஸில் நட்சத்திரம் பில் ரஸ்ஸலுக்குப் பின்னால் பெஞ்சில் இரண்டு சீசன், கோப்பை இரண்டு. நட்சத்திரம் என்று சொல்ல முடியாது. அங்கிருந்து நேராகப் பெரிய இடத்துக்குப் போகாமல் வாஷிங்டனில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆறு வருஷம் கோச். 1972-இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் அவரை எடுத்தபோது அந்த அணி முந்தைய சீசனில் 3 ஆட்டம் வென்று 23-இல் தோற்றிருந்தது. 1984-இல் தேசியப் பட்டம். அதை வென்ற முதல் கறுப்பினத் தலைமை கோச் அவர். முன்பு கன்னியாஸ்திரீயாக இருந்த மேரி ஃபென்லனைப் படிப்புக்குப் பொறுப்பாக வைத்து, ஆட்டத்தின்போது பெஞ்சிலேயே உட்காரவைத்தார். தன் அறையில் காற்றிறங்கிய கூடைப்பந்து ஒன்றை வைத்திருந்தார். பந்தில் காற்று போன பிறகு உன்னிடம் என்ன மிஞ்சும் என்று வருகிற பையனுக்குக் காட்டுவதற்காக. 1989 ஜனவரியில், தேர்வு மதிப்பெண் விதியால் ஏழைப் பையன்களுக்கு ஸ்காலர்ஷிப் பறிபோகும் என்று சொல்லி, பாஸ்டன் காலேஜ் ஆட்டம் தொடங்குமுன் மைதானத்தை விட்டு நடந்து வெளியேறினார். அவர் டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. ஆனாலும் கல்லூரி நிர்வாகம் என்றால் என்ன என்று என்னிடம் கேட்பவர்களுக்கு முதலில் அவரைத்தான் சொல்வேன்.

அவரிடம் ஆடி அந்த 1984 பட்டத்தை வென்ற பாட்ரிக் யூயிங், 2017-இல் அதே ஜார்ஜ்டவுனுக்குக் கோச்சாக வந்தார். இவருக்கு அனுபவம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, அதற்கு முன் 15 வருஷத்தில் பெரும்பகுதி என்பிஏ அணிகளில் உதவி கோச். 2021-இல் கான்ஃபரன்ஸ் பட்டத்தையும் வென்றார். அடுத்த சீசனில் கான்ஃபரன்ஸ் ஆட்டம் 19-இலும் தோல்வி. 2023-இல் நீக்கினார்கள். கிளைட் டிரெக்ஸ்லர் 1998-இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு தான் படித்த ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்குக் கோச்சாகி, இரண்டு சீசனில் 19 வெற்றி, 39 தோல்வியோடு விலகினார். இவர்கள் ஆட்டம் தெரியாதவர்களா? என்பிஏவில் ஆட்டக்காரரை நிர்வாகம் கொண்டுவந்து கொடுக்கும், கோச் ஆடவைத்தால் போதும். கல்லூரியில் ஆட்டக்காரரைத் தேடிப் பிடித்து, வீட்டாரிடம் பேசிக் கூட்டிவந்து, வருஷா வருஷம் போகாமல் பார்த்துக்கொள்வதும் கோச்தான். அது வேறு தொழில்.

அந்த வேறு தொழிலையும் கற்றுக்கொண்ட ஒருவர் வேண்டுமென்றால் டான் ஸ்டேலி இருக்கிறார். 2000-இல் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணிக்குக் கோச்சானபோது அவர் இன்னும் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூஎன்பிஏவில் ஆடிக்கொண்டிருந்தார். அந்த லீக் கோடையில், கல்லூரி சீசன் குளிர்காலத்தில் என்பதால் இரண்டும் முடிந்தது. 2006 வரை ஆடிக்கொண்டே கோச்சிங் பழகினார். 2008-இல் தென் கரோலினா பல்கலைக்கழகம். 2017, 2022, 2024-இல் பட்டம், கடைசியது 38-0. பெரிய பெயரோடு வந்தாலும் சின்ன அரங்கில், யாரும் அதிகம் பார்க்காத எட்டு வருஷத்தில் அவர் தொழிலைக் கற்றார். தாம்ப்சனுக்கு அந்தப் பள்ளிக்கூடம் எப்படியோ, இவருக்கு டெம்பிள் அப்படி.

இன்றைக்கு மல்லின்ஸ் மாதிரி ஒருவர் முதல் டிவிஷனில் இரட்டைப் பதவிக்கு வர முடியுமா என்று கேட்டால், எனக்கு நம்பிக்கை இல்லை. 2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025-26 முதல் பல்கலைக்கழகமே தன் வருமானத்திலிருந்து மாணவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், அந்த முதல் வருஷத்துக்கு உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். அந்தப் பணத்தை எந்த அணிக்கு எவ்வளவு என்று பிரிப்பவரும், ஓர் அணியின் கோச்சும் ஒரே ஆளாக இருப்பதை மற்ற கோச்சுகள் ஒரு நாள்கூடப் பொறுத்துக்கொள்ளமாட்டார்கள். அதற்குப் பதிலாகத் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குப் புதிதாக ஒரு வாசல் திறந்திருக்கிறது. என்பிஏவில் உள்ளதுபோலக் கல்லூரி அணிகளிலும் ஜெனரல் மேனேஜர் வந்துவிட்டார். 2025 மார்ச்சில் வாரியர்ஸ் நட்சத்திரம் ஸ்டெஃபன் கரி, இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே, தான் படித்த டேவிட்சன் கல்லூரியில் சம்பளமில்லாத உதவி ஜெனரல் மேனேஜராகப் பொறுப்பேற்றார். ஏஜென்டிடம் பேசுவது, ஒப்பந்தத்தைப் படிப்பது, ஒரு பையனுக்கு நியாயமான தொகை எவ்வளவு என்று கணிப்பது, இதெல்லாம் என்பிஏவில் இருந்தவர்கள் தங்கள் வாழ்க்கையிலேயே செய்து பழகியவை. முழுநேரமாக அந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னால் சொல்லக்கூடியது ஒன்றுதான்: வந்த முதல் வாரமே கம்ப்ளையன்ஸ் அறைக்குப் போய், ஒவ்வொரு பையனும் தன் பட்டத்தில் எத்தனை சதவீதம் முடித்திருக்கிறான் என்ற தாளைக் கேட்டு வாங்குங்கள்.